தொழிற்களத்திற் கணக்கறிவு: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

எண் என்பது தமிழரிடையே நெடுங்காலமாகக் கல்வியின் பாதியாகக் கருதப்பட்டு வந்துள்ளது. எனினும் எண்ணைக் கற்றல் வேறு. எண்ணைக் கொண்டு தொழிலிலே முடிவெடுத்தல் வேறு. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனனஞ் செய்த மாணவன் கணக்கப்பிள்ளையானான். ஆனால், தறியிலும் பட்டறையிலும் வயலிலும் உழைத்தவன் தன் வேலை பற்றிய கணக்கைத் தானே எழுதி, தானே வாசித்து, அதன்படி தன் வேலையை மாற்றிக்கொள்ளும் நிலை மிகப் பிற்பட்ட காலத்திலேயே தோன்றியது.

இன்று 'தரவு', 'தரவுப் பகுப்பாய்வு' ஆகிய சொற்கள் அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் பெருவழக்காகிவிட்டன. ஊழியர் குழுக்களுக்குத் தரவுகளைக் கொண்டு முடிவெடுக்கும் பயிற்சி அளிக்கப்படுகின்றது. இது கணினியோடு பிறந்த புதுமை என்று எண்ணுவோர் பலர். உண்மையில் இம்முயற்சிக்கு நூறாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் வெற்றிகளும் உள. வெற்றிகளைக் காட்டிலும் பயனுள்ள தோல்விகளும் உள.

கணக்கை எடுப்பவர் யார்? அதனை வாசிப்பவர் யார்? வாசித்தபின் வேலையை மாற்றும் உரிமை யாருக்கு உண்டு? இம்மூன்று வினாக்களையும் அளவுகோலாகக் கொண்டு மேற்குறித்த வரலாற்றின் முக்கிய கட்டங்களை நோக்குவதும், உரும்பிராய் போன்ற ஒரு தோட்டக் கிராமத்துக்கு அது உணர்த்தும் பாடத்தைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. அளப்பவரும் அளக்கப்படுபவரும்

தொழிற்சாலை வேலையை முறைப்படி அளக்கத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த பிரடெரிக் ரெயிலர். அவருடைய 'விஞ்ஞான முகாமை' பற்றிய நூல் 1911ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒவ்வொரு வேலையையும் சிறு சிறு அசைவுகளாகப் பிரித்து, நிறுத்தற் கடிகாரத்தால் அளந்து, மிகச் சிறந்த முறையைத் தெரிந்தெடுத்தல் அவர் கண்ட வழி. அளப்பதும் சிந்திப்பதும் திட்டமிடற் பகுதியின் கடமை. செய்து முடிப்பது தொழிலாளியின் கடமை. சிந்தனையையும் செயலையும் வேறு வேறு மனிதரிடம் ஒப்படைத்தலே அம்முறையின் உயிர்நாடி எனலாம்.

விளைவு விரைவிலேயே வெளிப்பட்டது. 1911ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் வோட்டர்ரவுன் படைக்கலச் சாலையில் நிறுத்தற் கடிகாரத்துக்கு எதிராகத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். 1915இல் அரசின் படைத்துறைத் தொழிலகங்களில் அக்கடிகாரத்தைப் பயன்படுத்துவதற்கு நிதி வழங்கலாகாது என அமெரிக்கப் பேரவை விதித்தது. தொழிலாளர் எதிர்த்தது எண்ணை அன்று; தம்மைப் பற்றிய எண் தமக்கு எட்டாத மேசையிலிருந்து தம்மை ஆள்வதையே அவர்கள் எதிர்த்தனர்.

2. பொறியருகே ஒரு வரைபடம்

இதற்கு மாறான வழியொன்று 1924ஆம் ஆண்டு மே மாதம் 16ஆந் திகதி தோன்றியது. தொலைபேசிக் கருவிகளை ஆக்கிய வெஸ்ரேண் இலக்ரிக் நிறுவனத்திற் பணியாற்றிய வோல்ற்றர் ஷூகார்ட் என்பார் அன்று தம் மேலதிகாரிக்கு ஒரு பக்க அளவிலான குறிப்பொன்றை எழுதினார். அதில் இடம்பெற்ற சிறு வரைபடமே பின்னர் 'கட்டுப்பாட்டு வரைபடம்' எனப் புகழ்பெற்றது.

அதன் தத்துவம் எளிது. எந்த வேலையிலும் சிறு ஏற்றத்தாழ்வு இயல்பு. ஒரே பொறி, ஒரே மனிதர், ஒரே மூலப்பொருள் ஆயினும் இரு பொருள்கள் முற்றிலும் ஒத்திரா. இவ்வியல்பான ஏற்றத்தாழ்வின் எல்லைகளை முன்னைய அளவீடுகளிலிருந்து கணித்து, மேலொன்றும் கீழொன்றுமாக இரு கோடுகள் வரையப்படும். நாள்தோறும் எடுக்கும் மாதிரிகளின் அளவு அக்கோடுகளிடையே புள்ளியாகக் குறிக்கப்படும். புள்ளிகள் எல்லைக்குள் ஒழுங்கின்றிச் சிதறி நின்றால் பொறியைத் தொடாது விடல் வேண்டும். எல்லையை மீறினாலோ தொடர்ந்து ஒரு திசையில் நகர்ந்தாலோ தனிக்காரணம் ஒன்றைத் தேடல் வேண்டும்.

இதனை நம்மவர் அறிந்த உவமையால் விளக்கலாம். கிணற்று நீர் ஒரு நாள் நாலு விரல் தாழ்ந்தமைக்காக எந்தக் கமக்காரரும் கலங்குவதில்லை. மாரி ஓய்ந்து இரு கிழமைக்குள் ஒரு முழந் தாழுமாயின் அதற்குக் காரணந் தேடாமல் இருப்பதுமில்லை. அற்பமானதைக் கண்டு அஞ்சுதல் ஒரு பிழை. பாரதூரமானதைக் கண்டும் வாளாவிருத்தல் மற்றொரு பிழை. இரண்டையும் ஒருங்கே குறைக்கும் கருவியாகவே ஷூகார்ட் தம் வரைபடத்தை அமைத்தார். அது பொறியின் அருகிலேயே தொங்கவிடத்தக்கது. பொறியை இயக்குபவரே குறிக்கவும் வாசிக்கவுந் தக்கது. இதுவே அதன் சமூக முக்கியத்துவமாகும்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இம்முறையைப் போர்த் தளபாட ஆலைகளின் பொறியியலாளருக்கும் மேற்பார்வையாளருக்கும் குறுகிய காலப் பயிற்சிகளாகப் போதித்தன. 1942இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திற் பயிற்சி தொடங்கியது. ஆயினும் போர் முடிந்ததும் பெரும்பாலான ஆலைகளில் வரைபடங்கள் மறைந்தன. அப்பயிற்சிகளை நடாத்தியவர்களுள் ஒருவரான எட்வேட்ஸ் டெமிங், முகாமையாளருக்கு அவற்றின் பொருள் விளங்காமையே மறைவுக்குக் காரணம் எனப் பிற்காலத்தில் வற்புறுத்தினார். வரைபடம் காட்டும் குறையை நீக்கும் அதிகாரம் மேலிடத்தில் இருக்க, மேலிடம் அதனை வாசிக்கக் கல்லாதிருந்தது. கணக்கறிவு கீழே மட்டும் இருப்பினும் பயனில்லை என்பது இத்தோல்வி தரும் பாடம்.

3. யப்பானிய அனுபவம்

இப்பாடத்தை முதலிற் பயன்படுத்தியது போரில் நலிந்த யப்பானாகும். 1946இல் நிறுவப்பட்ட யப்பானிய விஞ்ஞானிகள், பொறியியலாளர் ஒன்றியம் 1950இல் டெமிங்கை அழைத்தது. அவர் பொறியியலாளருக்கு எட்டு நாட் பயிற்சி நடாத்தியதுடன், பெரு நிறுவனங்களின் தலைவர்களையும் தனியே சந்தித்து உரையாற்றினார். அமெரிக்காவில் விடுபட்ட கண்ணி இங்கே முதலிலேயே கோக்கப்பட்டது. 1951இல் அவர் பெயரால் ஒரு பரிசு நிறுவப்பட்டது. 1954இல் யோசேப் யுரான் என்னும் மற்றோர் அறிஞர் சென்று, தரம் முழு முகாமைக்கும் உரிய பொறுப்பு என்பதை எடுத்துரைத்தார்.

ஆயினும் வேலைத்தளத்து உழைப்பாளரை எட்டும் வழியை வகுத்த பெருமை யப்பானியருக்கே உரியது. 1956இல் வேலைத்தள மேற்பார்வையாளருக்கெனத் தரக்கட்டுப்பாட்டுப் பாடங்கள் வானொலியில் ஒலிபரப்பப்பட்டன. 1962 ஏப்பிரலில் அவர்களுக்கென்றே மலிவு விலைச் சஞ்சிகை ஒன்று வெளிவந்தது. பேராசிரியர் கவொரு இஷிகாவா இதில் முன்னின்றார். சஞ்சிகையைத் தனியே வாசித்து விடாமல், ஒரே பகுதியில் வேலை செய்வோர் சிறு குழுவாகக் கூடி வாசித்து, தம் வேலையில் உடனே பயன்படுத்திப் பார்க்கவேண்டும் என்பது அவர் கருத்து. இவ்வாசிப்புக் குழுக்களே 'தரவட்டங்கள்' ஆயின.

இக்குழுக்களுக்குப் போதிக்கப்பட்டவை ஏழு எளிய கருவிகள். குறை நேருந்தோறும் ஒரு கோடு இடும் குறிப்புத் தாள், குறைகளைப் பெரிதிலிருந்து சிறிதாக வரிசைப்படுத்தும் பறெற்றோ வரைபடம், காரணங்களை மீன்முள் வடிவில் எழுதிப் பார்க்கும் படம், பரவலைக் காட்டும் நிரற்படம், இரு அளவுகளின் தொடர்பைக் காட்டும் சிதறற்படம், பொது வரைபுகள், ஷூகார்ட்டின் கட்டுப்பாட்டு வரைபடம் என்பன அவை. வேலைத்தளப் பிரச்சினைகளுட் பெரும்பாலானவற்றை இவ்வேழினாலேயே தீர்க்கலாம் என்பது இஷிகாவாவின் துணிபு. உயர் கணிதம் கல்லாதவரும் பயிலத்தக்கனவாக அவை அமைந்தமை தற்செயலன்று.

மேனாடுகள் 1970களிலும் 1980களிலும் இவ்வட்டங்களை இறக்குமதி செய்தபோது அவற்றுட் பல சில ஆண்டுகளிலேயே வாடின. வட்டம் அமைக்கப்பட்டது, கூட்டங் கூட்டப்பட்டது, ஆனால் உழைப்பாளர் கண்டறிந்ததைச் செயற்படுத்தும் உரிமை கைமாறவில்லை. வடிவம் சென்றது, உயிர் செல்லவில்லை.

4. இந்தியாவும் தமிழ்நாடும்

இந்தியாவிற் புள்ளிவிபரவியலுக்கு அத்திவாரமிட்டவர் பேராசிரியர் மகலனோபிஸ். 1931இல் கல்கத்தாவில் அவர் தொடக்கிய இந்தியப் புள்ளிவிபர நிறுவனம் 1947-48 காலப்பகுதியில் ஷூகார்ட்டை அழைத்து, ஆலைத்தொழில் நகரங்களில் விரிவுரையாற்றச் செய்தது. டெமிங் யப்பானிற் போதித்ததற்கு முன்னரே அவருடைய ஆசிரியரின் குரல் இந்திய ஆலைகளிற் கேட்டது என்பது பலர் அறியாத செய்தி. 1953இல் பம்பாயில் அந்நிறுவனம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவொன்றைத் தொடங்கியது; பிற நகரங்களுக்கும் அப்பணி பரவியது. எனினும் யப்பானைப் போல வேலைத்தளத்தில் அது வேரூன்றவில்லை. ஏன் என்னும் வினாவுக்கு அக்கால நெசவாலைகளே விடை தருகின்றன.

1955இல் கான்பூர் நெசவாலைத் தொழிலாளர் 80 நாட்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர். ஒருவர் கவனிக்க வேண்டிய பொறிகளின் தொகையைக் கூட்டி ஆட்குறைப்புக்கு வழிகோலும் 'சீரமைப்பு' முறையே அவர்தம் எதிர்ப்புக்கு இலக்காயிற்று. அங்கே எண் என்பது வேலை இழப்பின் முன்னறிவித்தலாக வந்தது.

இதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 1953இல், அகமதாபாத்துக் கலிக்கோ ஆலையில் நிகழ்ந்த பரிசோதனை முற்றிலும் வேறானது. ஏ. கே. றைஸ் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் அங்கு தானியங்கித் தறிக்கூடம் ஒன்றை ஆராய்ந்தார். 224 தறிகளை 29 பேர் பன்னிரு வகை வேலைகளாகப் பிரித்துக் கவனித்தனர். எவருக்கும் ஒரு தறியின் முழுப் பொறுப்பு இருக்கவில்லை. 64 தறிகளுக்கு ஏழு பேர் கொண்ட ஒரு குழு பொறுப்பேற்கலாம் என்னும் யோசனை பேசப்பட்டபோது, தொழிலாளர் தாமே முன்வந்து குழுக்களை அமைத்துக்கொண்டனர். உற்பத்தித் திறன் உயர்ந்தது. பழுதான துணியின் வீதங் குறைந்தது. எண்கள் மாறவில்லை, எண்ணுக்கு உரியவர் மாறினர். நாளின் முடிவில் அறிவிக்கப்படும் பழுதின் தொகை யாரோ ஒருவரின் குற்றமாக இராது, குழுவின் சொந்தக் கணக்காயிற்று.

தமிழ்நாட்டில் 1956இல் கோயம்புத்தூரில் நிறுவப்பட்ட தென்னிந்திய நெசவாலை ஆராய்ச்சிச் சங்கம் வேறொரு வகையிற் பணியாற்றியது. 100 கிலோகிராம் நூலை நூற்க எத்தனை மனித மணித்தியாலம் செல்கின்றது என்பன போன்ற பொது அளவுகளை வகுத்து, ஆலைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் காட்டியது. தனியோர் ஆலையின் கணக்கு அவ்வாலைக்குத் தன் நிலையை உணர்த்தாது. அயலவரின் கணக்கோடு சேர்ந்தாலே உணர்த்தும். ஒப்பீட்டோடு மேற்பார்வையாளருக்கும் தொழிலாளருக்கும் பயிற்சியளித்தலையும் அச்சங்கம் தன் கடமையாகக் கொண்டது.

தரவட்டங்கள் இந்தியாவிற் காலூன்றியது 1980இல் ஐதராபாத் பாரத மிகுமின் தொழிற்சாலையிலாகும். 1982இல் அவற்றுக்கென ஒரு தேசிய மன்றமும் எழுந்தது. இவ்வழியின் உச்சம் சென்னையில் எட்டப்பட்டது. பாடியில் கனரக வாகனங்களுக்குத் தடைக்கருவிகள் ஆக்கிய சுந்தரம் கிளேற்றன் நிறுவனத்தின் பிரிவு 1998இல் டெமிங் பரிசைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. 2001இல் சுந்தரம் பிறேக் லைனிங்ஸ், 2002இல் டி.வி.எஸ். மோட்டோர் ஆகியனவும் அதனைப் பெற்றன. யப்பானியப் பேராசிரியர்களின் வழிகாட்டலில் பல்லாண்டு நடந்த பயிற்சியின் பேறு இது. சில நாள் வகுப்பொன்றில் அடைந்ததன்று.

இலங்கையிலும் இதற்கு உதாரணம் உண்டு. கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை, 2000ஆம் ஆண்டளவில் வைத்தியர் விமல் கரந்தகொட அவர்களின் தலைமையில், யப்பானிய ஒழுங்கமைப்பு முறையைக் கைக்கொண்டது. விடுதிதோறும் தாதியரும் சிற்றூழியரும் சேர்ந்த மேம்பாட்டுக் குழுக்கள் தம் விடுதியின் குறைகளைத் தாமே இனங்கண்டு திருத்தின. பின்னர் ஆபிரிக்க நாடுகள் பலவற்றின் வைத்தியசாலைகளுக்கு அது முன்மாதிரியாகக் காட்டப்பட்டது. செல்வ நாடுகளுக்கும் பெருந்தொழிற்சாலைகளுக்கும் மட்டும் உரிய கல்வி இதுவன்று என்பது இதனாற் புலனாகும்.

5. வயலே பள்ளி

ஆலைக்கும் வைத்தியசாலைக்கும் பொருந்திய முறை கமத்தொழிலுக்குப் பொருந்துமா? இந்தோனேசியா இதற்கு விடை கண்டது. பசுமைப் புரட்சிக் காலத்தில் அங்கு பூச்சிநாசினிகள் பெரும் அரச மானியத்துடன் வழங்கப்பட்டன. நன்மை செய்யும் பூச்சிகளும் சிலந்திகளும் அழிய, கபிலநிறத் தத்தி பெருகி நெல்லை அழித்தது. 1986இல் சனாதிபதியின் ஆணையொன்றினால் 57 நாசினி வகைகள் நெற்செய்கைக்குத் தடைசெய்யப்பட்டன. தடை மட்டும் போதாது என உணர்ந்தமையால், ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனத்தின் துணையுடன் 1989இல் 'கமக்காரர் வயற்பள்ளிகள்' தொடங்கப்பட்டன.

ஏறத்தாழ 25 கமக்காரர் ஒரு போகம் முழுவதும் கிழமைக்கொரு முறை வயலிற் கூடுவர். ஐந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து, செடிகளை ஆராய்ந்து, தீய பூச்சிகளையும் அவற்றைத் தின்னும் பூச்சிகளையும் எண்ணுவர். எண்ணியதைப் பெரிய தாளிற் படமாக வரைந்து ஏனையோர் முன் விளக்குவர். நாசினி தெளிப்பதா, விடுவதா என்று குழுவே தீர்மானிக்கும். பயிற்றுநர் விடை கூறார். வினாவையே திருப்பிக் கேட்பார். ஷூகார்ட்டின் வரைபடம் உணர்த்திய பாடமே இங்கும் போதிக்கப்பட்டது: எதனைக் கண்டு அஞ்சவேண்டும், எதனைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை என்பதே அது. இலங்கையிலும் 1990களின் நடுப்பகுதியிலிருந்து நெற்செய்கையில் இப்பள்ளிகள் நடாத்தப்பட்டன.

6. உரும்பிராயின் கிணறுகள்

இவ்வரலாற்றை நம் நிலத்தோடு பொருத்தி நோக்குவோம். யாழ்ப்பாணத்திலிருந்து பலாலி செல்லும் வீதியில், கோப்பாய்ப் பிரதேசத்தில் அமைந்த உரும்பிராய் செம்மண் தோட்டங்களாற் சிறந்த ஊர். வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு, மரக்கறி என்பன அத்தோட்டங்களின் செல்வம். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லினூடு வடிந்து, கீழுள்ள உவர்நீரின் மேல் நன்னீராக மிதக்கின்றது. அதுவே எல்லாப் பயிருக்கும் உயிர். தோட்டம் என்பது இங்கு ஒரு தொழிற்களம். பங்குக் கிணறு பலர் சேர்ந்தியக்கும் பொதுப் பொறி. கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் காணி உறுதிகளில் எழுதப்படுவதும், பங்காளிகள் முறை வைத்து இறைப்பதும் பழைய வழக்கம்.

துலாவால் இறைத்த காலத்தில் நீரின் கணக்கு உழைப்போரின் உடலிலேயே இருந்தது. துலா மிதித்தவரும், பட்டை பிடித்தவரும், பாத்திக்குத் தண்ணீர் மாறியவரும் ஒரு குழுவாயினர். நீர் ஒரு முழந் தாழ்ந்தால் அதனை அவர்களின் கயிறும் காலும் அறியும். நீர் இறைக்கும் இயந்திரம் 1950களிலிருந்து பரவியபோது உழைப்புக் குறைந்தது, விளைச்சல் பெருகியது. 1970களில் வெங்காயம், மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது தோட்டச் செய்கை மேலும் செழித்தது. ஆனால் இயந்திரம் நீரின் தாழ்வை உடலுக்கு உணர்த்துவதில்லை. அளவும் உழைப்பும் பிரிந்தன. ரெயிலர் ஆலையில் வேண்டுமென்றே செய்த பிரிப்பு, தோட்டத்தில் எவரும் எண்ணாமலே நிகழ்ந்தது.

அளவு பின்னர் ஆய்வாளரிடஞ் சென்றது. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்றுச் செறிவு மிகுந்திருப்பதை 1980களின் ஆய்வுகள் காட்டின. அளவுக்கு மிஞ்சிய யூரியாவும் எருவும் இதற்கு முக்கிய காரணம், மலக்குழிகளும் காரணம். 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்தது. தொடர்ச்சியான பதிவுகளைப் பேணுதல் அரிதாயிற்று. சுன்னாகம் மின்னிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2014, 2015ஆம் ஆண்டுகளிற் பெரும் பிரச்சினையானபோது, ஒன்றோடொன்று முரண்பட்ட அறிக்கைகள் வெளிவந்தன. 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு வழங்கும்படி தீர்ப்பளித்தது. இத்தனை ஆண்டுகளும், கிணற்றுக்கு உரியவர் தம் நீரைப் பற்றிப் பிறர் கூறுவதைக் கேட்டிருப்பவராகவே இருந்தனர்.

கணக்கு அவர்கள் கையிற் சேருமாயின் பயன் என்ன? நைத்திரேற்று ஓர் உதாரணம். குடிநீரில் அதன் அளவு இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். மிகுந்தால் கைக்குழந்தைகளுக்குக் கேடு. அந்த 50 மில்லிகிராமில் 11 மில்லிகிராமுக்குச் சற்று மேற்பட்டது நைதரசன். அந்நீரில் 1000 கனமீற்றரை ஒரு ஹெக்டேயர் நிலத்துக்கு இறைத்தால், ஏறத்தாழ 11 கிலோகிராம் நைதரசனை, அதாவது ஏறக்குறைய 24 கிலோகிராம் யூரியாவிலுள்ள அளவை, நீரோடு சேர்த்து இறைத்தவராவோம். தன் கிணற்றின் அளவை அறிந்த கமக்காரர் அந்த அளவுக்கு உரத்தைக் குறைக்க எண்ணலாம். பணமும் மிஞ்சும், நீரும் பிழைக்கும். அறியாதவரோ காசு கொடுத்து வாங்கிய உரத்தால் தம் குழந்தையின் குடிநீரைக் கெடுக்கின்றார்.

இதற்குப் பெருங்கருவிகள் வேண்டியதில்லை. ஒரே ஒழுங்கையில் உள்ள ஐந்தாறு கிணறுகளின் பங்காளிகள் ஒரு குழுவாகலாம். கிழமைதோறும் ஒரே நாளில், இறைப்புக்கு முன், முடிச்சிட்ட கயிற்றால் நீர்மட்டத்தை அளக்கலாம். உவர்த்தன்மையைச் சிறு மின்கடத்தல் மானியால் அறியலாம். நைத்திரேற்றைப் போகத்துக்கொரு முறை பரிசோதிக்கலாம். அளவுகளைக் கிணற்றடியில் தொங்கும் தாளிற் புள்ளிகளாக இடலாம். ஈராண்டில் இயல்பான ஏற்றத்தாழ்வின் எல்லைகள் புலனாகும். அதன்பின் எல்லையை மீறும் புள்ளியைக் குறித்து எவரும் அறிக்கை எழுதும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. திருநெல்வேலி விவசாய ஆராய்ச்சி நிலையமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் அயலிலேயே உள்ளன. அவர்களின் பணி கமக்காரருக்காக அளத்தல் மட்டுமன்று. கமக்காரருக்கு அளக்கவும் வாசிக்கவும் பயிற்றுதலும் ஆகும்.

முடிவுரை

நூறாண்டு வரலாறு ஒரு செய்தியைத் தெளிவாக உணர்த்துகின்றது. கணக்கை எடுப்பவரும், வாசிப்பவரும், அதன்படி செயலை மாற்றுபவரும் வேறு வேறாயின், கணக்கு கண்காணிப்பாகச் சீரழிகின்றது. மூவரும் ஒரே குழுவாயின் அது அறிவாகின்றது. 1915இல் நிறுத்தற் கடிகாரத்துக்கு எதிராக எழுந்த குரல் இன்றும் ஓயவில்லை. பண்டகசாலைத் தொழிலாளரின் ஒவ்வோர் அசைவையும் கணினி அளக்கும் இக்காலத்தில், அவர்கள்மேற் சுமத்தப்படும் வேலையளவை எழுத்தில் அவர்களுக்கு அறிவிக்க வேண்டும் எனக் கலிபோர்ணியா மாநிலம் 2021இற் சட்டமியற்ற நேர்ந்தது. கருவி மாறியது, வினா மாறவில்லை.

ஆகவே, தரவுப் பயிற்சியை நடாத்த முற்படும் எந்த நிறுவனமும், அது வங்கியாயினும், கூட்டுறவுச் சங்கமாயினும், பிரதேச சபையாயினும், முதலில் வினவ வேண்டியது எந்தக் கணினியை வாங்குவது என்பதன்று. பயிற்சி பெற்ற குழு தான் கண்டறிந்ததைச் செய்து பார்க்க அனுமதிக்கப்படுமா என்பதே முதல் வினா. அனுமதியின்றி அளிக்கப்படும் பயிற்சி, நீரற்ற கிணற்றில் நாட்டிய துலாவை ஒக்கும்.